வாயைத் திற, அபெனிசா

இதய ஆபரேஷன் முடிந்து தலைநகர் சுவாவிலிருந்து ஊர் திரும்பிய நாள் முதல், சாப்பிட்டதும் அபெனிசா மரவள்ளிக் கொல்லைக்குள் போய்விட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே வருவார். மனைவி மெரேசியானாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கூட்டாளிகளோட ஒளிஞ்சு கவா வேரைக் கரைச்சுப் போதைக்குக் குடிக்கிறியா? ஒரு கிண்ணம்கூடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"இல்ல மெரே."

"அப்ப வாயைத் திற. மோந்து பாக்குறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

"நர்ஸம்மா, இவரு திருட்டுத்தனமா கவா குடிக்கிறாரு. நான் சொன்னா வாயைத் திறக்க மாட்டேங்குறாரு. நீங்களே கேளுங்க."

நர்ஸ் சொன்னதும் அவர் மெல்லத் திறந்தார். ஈறெல்லாம் வீங்கி, பல்லோரம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"பல் தேய்ச்சா ரத்தமா வருது. அதான் கொல்லையில போய்த் தேய்ச்சுத் துப்பிட்டு வருவேன்," என்றார் அபெனிசா, மனைவியைப் பார்க்காமல். "ஆஸ்பத்திரி வராந்தாவுல நீ அழுதது போதும்னு நினைச்சேன்."



"இது ஈறு நோய்," என்றாள் நர்ஸ். "இதயம் சரியில்லாதவங்க இதைச் சும்மா விடக்கூடாது. ஆனா சரிபண்ணிடலாம். பல் டாக்டர் பக்கத்து அறையிலதான் இருக்காரு."

மெரேசியானா அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வா. நானும் கூட உக்காந்துக்குறேன்."

"அங்கயும் அழுவியா?"

"அழுவேன். அழுறதுக்கு நான் இருக்கேன். நீ எதையும் மறைக்காம இரு, அது போதும்."