இழுக்கிற ஃபேனா, தள்ளுகிற ஃபேனா

பிரிட்டிஷ்காரன் உலகுக்கு வழங்கிய கொடைகளிலெல்லாம் தலையாயது இந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று உதிரிபாகக் கடையில் நின்று முழங்குகிறார் வக்கீல். அந்தக் கொடை சிக்னலில் சற்று நின்றாலே கொதித்துவிடும். இப்போதும் வாசலில் பானெட்டைத் திறந்துகொண்டு ஆவி விடுகிறது. அதை ஓட்டிவந்த மைத்துனர் வக்கீலின் காதருகே குனிந்து, “அக்காவே போயாச்சு. இன்னும் எதுக்கு அத்தான், வித்துடுங்க” என்கிறார். “அவ வண்டிடா. நான் இருக்கிறவரைக்கும் ஓடும்.” கடைக்காரர் மேசைமேல் இரண்டு ஃபேன்களை பேட்டரியில் கொடுத்துச் சுழலவிடுகிறார். ஒன்று இரைகிறது, மற்றது முணுமுணுக்கிறது. முணுமுணுப்பதன் முன் வக்கீல் உள்ளங்கையை நீட்டுகிறார். தொளதொளத்துப்போன சட்டைக் கை படபடக்கிறது. “இதைக் குடுங்க. பக்கத்துல பேசுறது காதுல விழும்.” “விழும் சார். ரேடியேட்டருக்குப் பின்னால இருந்து காத்தை இழுக்கணுமா, முன்னால இருந்து தள்ளணுமா?” வக்கீல் தொண்டையைச் செருமுகிறார். வாய்தா கேட்கும் அதே கம்பீரத்தோடு, “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்கிறார். மைத்துனர் வாசல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். விவரம் அறியாத கடைக்காரர், “அம்மாவுக்கு ஒரு போன் போடுங்களேன் சார்” என்கிறார். வக்கீலின் கை ஃபேனுக்கு முன் நீட்டியபடியே இருக்கிறது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.