கேஸ் பில்

நொரீன் மேசைமேல் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

கிளினிக்கில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு அந்த ஊர் வழக்கப்படி, ஒன்றுமே காதில் விழாததுபோல் குனிந்துகொண்டார்கள்.

கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருந்தால் அதிகம். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் கெய்லி என்று பெயர். அறை விழுந்தபோதும் அவளுடைய சிரித்த முகம் மாறவில்லை. நொரீனுக்கு அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"முகவரிக்குச் சான்றா கேஸ் பில், இல்லேன்னா கவுன்சில் வீட்டு வரி ரசீது. ரெண்டுல ஒண்ணு கொண்டாங்கம்மா, இப்பவே சேர்ற ஃபாரம் தர்றேன். நான் ஒண்ணும் செய்ய முடியாது, இதான் ரூல்."

படகுக்கு எவன் கேஸ் பில் அனுப்புவான்?

இதையும் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. நொரீனுக்கும் அவள் கணவர் கிளைவுக்கும் கால்வாயில் கிடக்கும் படகுதான் வீடு. நிரந்தரமாகக் கட்டிப்போட இடம் இல்லாத படகு பதினான்கு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. இன்று பாலத்தடி, அடுத்த வாரம் பழைய மில்லுக்கு அந்தப் பக்கம். வீட்டை விற்று மூன்று வருஷமாகிறது. பழைய முகவரிக்கு டாக்டர் அனுப்பிய கடிதங்கள் திரும்பி வந்ததால், எந்த டாக்டரின் பட்டியலிலும் இப்போது அவர்கள் பெயர் கிடையாது.

கிளைவின் மாத்திரை தீர்ந்து நான்கு நாள். இதயம் பலவீனமான மனிதர். கால் இரண்டும் வீங்கி பூட்சுக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மருந்துக்கடைக்காரரோ, குடும்ப டாக்டரின் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

ஊரில் இருப்பது இரண்டே கிளினிக். ஒன்றில், புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்று கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். இன்னொன்று இது. இந்தப் படி ஏறக் கூடாது என்றுதான் நொரீன் நினைத்திருந்தாள்.

முகவரிச் சான்று இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, அதுதான் ரூல் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

கெய்லி ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே தனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள். சொல்லிக்கொடுத்தவருக்கும் அவருக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக்கொடுத்ததாம். போன வாரம்கூட ஒரு படகுக்காரர் வந்து இதே மாதிரி சத்தம் போட்டுவிட்டுப் போனாராம்.

அதைச் சொல்லும்போது அவள் கண், கம்பளத்தில் ஒட்டியிருந்த கால்வாய்ச் சேற்றின்மேல் போய் வந்தது. நொரீனின் பூட்சிலிருந்து உதிர்ந்த சேறு.

நொரீனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கண்ணாடியை உடைத்துவிடலாமா என்றுகூட இருந்தது.

அவளிடம் இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. அதை மட்டும் தொட வேண்டாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். கிளைவ் சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது கண்முன் வந்தது.

"இடது பக்கம் ரெண்டாவது டிராயர்," என்றாள். "லேசாத் தூக்கி இழு கண்ணு, இல்லேன்னா சிக்கும். அடியில ஒரு தாள் இருக்கும், எடுத்துப் படி."

கெய்லி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தூக்கி இழுத்தாள். திறந்தது.

பழைய காலண்டர்களுக்கு அடியில் பழுப்பேறிய தாள் ஒன்று கிடந்தது. மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு. நொரீன் சொன்னது அதில் வரிக்கு வரி இருந்தது.

கெய்லியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. மன்னிப்புக் கேட்டாள். அதற்குமேல் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. ஃபாரத்தை எடுத்து அவளே கிளைவின் பெயரை எழுதினாள், பிறந்த தேதியை எழுதினாள், மாத்திரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். முகவரிக் கட்டத்தில் 'பாலத்தடி, பச்சைப் படகு' என்று போட்டாள். எழுந்து உள்ளே போனவள், பன்னிரண்டு மணிக்கு டாக்டரே படகுக்கு வந்து பார்ப்பார் என்ற சேதியோடு திரும்பினாள்.



உத்தரவைத் திரும்ப மடிக்கும்போது, அதன் முதுகில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு கெய்லியின் கண்ணில் பட்டது. நீல மையில் நான்கு வரி. அதை மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். படகுக்காரர்கள் வந்தால் இதை வெளியே எடுக்காதே. கம்பளம் பாழாகிறது. கேஸ் பில் கேள், போய்விடுவார்கள், திரும்ப வர மாட்டார்கள்.

திரும்ப வரவில்லைதான். இருமும் கைக்குழந்தையோடு, ஈர பூட்சோடு இதே இடத்தில் நின்ற ஒரு பெண்ணும் வரவில்லை. அந்தக் குழந்தையின் இருமல் என்ன ஆனதென்று நொரீனுக்கு இன்றுவரை தெரியாது.

கெய்லிக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது. சீட்டின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள்.

"நொரீனாம். என்ன பொம்பளையோ." சீட்டை மேசைமேல் போட்டுவிட்டு இன்னொரு ஃபாரத்தை எடுத்தாள். "சரி, இப்ப உங்க பேரைச் சொல்லுங்கம்மா."

சீட்டு இருவருக்கும் நடுவில் கிடந்தது.

"அதே பேருதான் கண்ணு, அதே பொம்பளைதான்," என்றாள் நொரீன்.