முற்றத்தில் நின்ற கடல்

பவளத்தீவில் விடிந்துவிட்டது. முழுநிலா மேற்கே வெளுத்துச் சாய்கிறது. அது இழுத்து வந்த கடலும் வடிகிறது; கரோட்டுவின் முற்றத்தில் மட்டும் வடியவில்லை. மூன்று வருஷம் பவளக்கல் சுமந்து வீட்டைச் சுற்றி அவர் எழுப்பிய சுவரை இருட்டோடு ஏறித் தாண்டிய நீர், வெளியேற வழியில்லாமல் முழங்கால் ஆழத்துக்கு நிற்கிறது. அதன் நடுவே பாபாய்ச் சேம்புக் குழி; இலைநுனிகள் மட்டும் தெரிகின்றன. மகள் கல்யாண விருந்துக்கென்று ஏழு வருஷமாக வளர்த்த கிழங்கு, இன்று முழுக்க உப்பில் ஊறினால் அழுகிவிடும். கால்வைத்த மேடை வீட்டில் கோழியை மடியில் அணைத்து உட்கார்ந்திருக்கிறாள் மனைவி தெரேத்தியா.

"நிலா வருஷத்துக்கு ஒன்றரை அங்குலம் நம்மள விட்டு விலகிப் போகுதாம். உங்க மக பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு வந்து சொன்னா."

"போறவ பேசாம போகவேண்டியதுதானே? கடலை எதுக்குப் பிடிச்சு இழுக்குறா?" என்கிறார் கரோட்டு.

"இழுத்தவ விட்டுட்டா. அடைச்சு வச்சிருக்கிறது யாரு?"

கரோட்டு நீரில் இறங்கி நடக்கிறார். அலைச்சத்தம் வெளியே தூரமாகிவிட்டது. உள்ளே ஒரு தேங்காய்மட்டை சுவரில் மோதி மோதித் திரும்புகிறது. மேல்கல்லைப் பெயர்த்து நெஞ்சோடு தூக்கிக்கொள்கிறார்.

"சுவரைப் பிரிச்சுட்டா சாயங்காலம் வர்ற கடலுக்கு என்ன பண்றது, தெரேத்தியா?"

அவள் கோழியின் முதுகைத் தடவுகிறாள். கல்லை இறக்காமல் அவர் நிற்கிறார். நிலா மறைந்துவிட்டது. சாயங்காலம் அது வீட்டுக்குப் பின்னால், கிழக்கே எழும்.