கேட்க ஆளில்லாத கொலைகாரன்

துப்பறியும் தொடரின் கடைசி அத்தியாயம் ஒரு மணி நேரத்தில் அச்சுக்குப் போக வேண்டும். கொலைகாரன் யாரென்று எழுத்தாளருக்கே இன்னும் முடிவாகவில்லை.

"டாக்டர்னு போடட்டுமா?"

"சங்கமே திரண்டு வரும்," என்றார் பத்திரிகை ஆசிரியர்.

"வக்கீல்?"

"கேஸ் போடுவாங்க."

ஆசிரியரின் செல்போன் மூன்றாவது முறையாக அடித்தது. மூன்றும் தம்பிகள்தான்.

"அக்கா வீடு மாறுறாடா. லீவு போட்டுட்டு வந்துடு," என்று சொல்லி வைத்தார்.

"கொடுத்து வெச்சவர் சார் நீங்க. எவ்வளவு பெரிய குடும்பம்," என்ற எழுத்தாளருக்குப் பொறி தட்டியது. "அநாதை இல்லத்துல வளர்ந்தவன்னு போட்டுடுவோம். எப்பவும் போடுறதுதானே. ஏன்னு கேக்க ஆளிருக்காது."

ஆசிரியர் பேனாவை மூடி வைத்தார்.

"இருக்கோம் சார். அறுபத்தி நாலு பேர். ஒரே இல்லம், ஒரே ஹால்ல வரிசையா படுத்து வளர்ந்தோம். இப்பப் பேசினவன் கடைக்குட்டி. இன்ஸ்பெக்டரா இருக்கான்."

எழுத்தாளர் மேஜையில் இருந்த சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார். பிறகு தாளை இழுத்து, கொலைகாரனின் தொழில் என்ற இடத்தில் 'எழுத்தாளர்' என்று எழுதி நீட்டினார்.

"இதுக்கு ஒரு பயலும் வர மாட்டான் சார். எனக்காகச் சண்டை போட என் வீட்டுலயே ஆளில்ல."