பெயர்த்தகடுகள்

புதிய கல்வியாண்டுக்கான அறிவிப்பை முதல்வர் சுகிர்தா ஆசிரியர் கூட்டத்தில் வாசித்து முடித்தபோது, அவள் கணவர் ஜெபராஜின் நாற்காலி காலியாக இருந்தது. மாணவர்கள் சேராததால் தாவரவியல் துறை மூடப்படுகிறது என்ற வரி வந்ததுமே அவர் எழுந்து போய்விட்டார். அந்தத் துறையின் தலைவர் அவர்தான்.

தேடிப் போனாள். வளாகத்து மரங்களில் தான் மாட்டிய பெயர்த்தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மருதமும் புன்னையும் ஏற்கெனவே பெயரிழந்து நின்றன.

"என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி? மரம் எங்கயும் போகலையே."

"மரம் இருக்கும் மேடம். பேரு சொல்லிக்குடுக்கத்தான் ஆளில்ல."

நாலு பேர் முன்னால் மட்டும்தான் அவர் அவளை மேடம் என்பார். இங்கே வேறு யாரும் இல்லை.

"போன வாரமே முடிவாயிட்டு. வெளிய சொல்லக்கூடாதுன்னு நிர்வாகத்துல கண்டிப்பா சொல்லிட்டாங்க."

"காலைல எனக்கு இட்லி எடுத்து வச்சியே, அப்பக்கூடவா நான் வெளியாளு?"

அவர் கழற்றிய ஆணியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அவர் அதைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தார்.