எண்பதுக்கு மேல்

“இருக்காரா, போயிட்டாரா? அதை மட்டும் கேளுங்க. துக்கம் விசாரிக்கவா உங்களை உட்கார வச்சிருக்கோம்?”

டாக்டர் அவளுடைய நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். போன வாரம்தான் தொலைபேசி வேலைக்குச் சேர்ந்த அந்தப் பெண், திரும்பிப் பார்க்காமல் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

மேசையில் ஒரு தாள். ஆறு மாதத்துக்கு முன் இதயம் தளர்ந்து, மூச்சுத் திணறலோடு வந்து சேர்ந்தவர்களின் பட்டியல். பெயர் கிடையாது, தொலைபேசி எண், வயது, கடைசியில் டாக்டரின் கணக்கு கொடுத்த மதிப்பெண். எண்பதுக்கு மேல் என்றால் உயிர் ஆறு மாதம் தாண்டாது. அப்படி ஐந்து பேர். மூன்று பேருக்கு நேரே ‘இறப்பு’ என்று எழுதியாகிவிட்டது.

நாலாவது எண்ணில் ஒரு மகள் பேசினாள். “ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணிதான்னு சொன்னீங்க. பாட்டில்ல கோடு போட்டு அளந்துதான் குடுத்தேன். கடைசியா ஒரு வாய் கூடுதலா கேட்டாரு. மாட்டேன்னுட்டேன்கா...”

“நீ செஞ்சது சரிதான்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே.”

“நாலு!” என்றார் டாக்டர். செத்தவர்களை எண்ணி முகம் மலரும் ஆளை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“அஞ்சும் சரியா வந்துட்டா நாளைக்கே உத்தரவுல கையெழுத்து. இனிமே எண்பதுக்கு மேல வந்தா தீவிர சிகிச்சையில கட்டில் கிடையாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்.”

“எமனுக்கு நீங்கதான் கணக்குப்பிள்ளையா சார்?”

“இருக்கிறதே பத்து கட்டில். பொழைக்கிறவனுக்குக் குடுக்க வேணாமா? கணக்குன்னா கணக்குதான்மா.”

“இந்த அஞ்சு பேருக்கும் கட்டில் குடுத்தீங்களா?”

“குடுத்தோம். வீணாத்தான் போச்சு.”

“அவங்கள்ல யாரையாவது நேர்ல பாத்திருக்கீங்களா?”

“எதுக்கு? ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தா போதும். மூஞ்சியை வச்சு நான் என்ன பண்ண?”

அவள் தன் பாட்டிலை எடுத்து, பேனாவால் கிழித்திருந்த இரண்டாவது கோடு வரை குடித்து மூடினாள். பிறகு ஐந்தாவது எண்ணுக்கு நேரே ‘உயிரோடு’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. “போனே பண்ணலையே! தொண்ணூத்தொண்ணு வாங்கின கேஸ் அது. யாரை ஏமாத்தப் பாக்குற?”

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்பதை அவள் கவனித்துக்கொண்டாள். “யாரையும் ஏமாத்தலை.”

“திமிரைப் பாரு! இப்பவே நான் பண்றேன். போய்ச் சேர்ந்தாச்சுன்னு அந்த வீட்ல சொல்லட்டும், அடுத்த நிமிஷம் உனக்கு இங்க வேலை இல்லை.”

“தாராளமா பண்ணுங்க.”

டாக்டர் தாளைப் பிடுங்கி, தன் செல்போனில் எண்களை ஒவ்வொன்றாகக் குத்தினார்.

மேசைக்கடியில் இருந்த அவளுடைய கைப்பையில் மணி அடித்தது.

அவள் நிதானமாகப் போனை எடுத்துக் காதில் வைத்தாள். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“உயிரோடதான் இருக்கேன். சொல்லுங்க சார்.”