பேச்சில் வந்த தண்ணீர்

எந்த ஊரில் எவ்வளவு போன் பேச்சோ, அந்த ஊர் நகராட்சிக்கு அவ்வளவு பங்கு என்று போன் கம்பெனி தன் வருமானத்தைப் பிரிக்கத் தொடங்கியபின், அதிகம் பேசிய வீட்டுக்குப் பொன்னாடை போர்த்துவது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு தவமணிக்கு.

அந்தப் பங்குப் பணத்தில் போட்ட புதுக் குடிநீர்க் குழாயடியில் கவுன்சிலர் மைக்கைப் பிடித்தார். "கட்டிக்கொடுத்த பொண்ணுகிட்ட தினமும் மணிக்கணக்கா பேசியிருக்காங்க. இது அக்காவோட பாசத்துல வந்த தண்ணி!"

தவமணி தலையைத் தூக்கவில்லை. அந்த மணிக்கணக்கில் மகள் யாழினி அழுததுதான் அதிகம். "அம்மா, அடிக்கிறாரும்மா. வந்துரட்டுமா?" என்பாள். "கொஞ்சம் பொறுத்துக்கோடி. ஊரு என்ன சொல்லும்?" என்று இவள் தினமும் அவளை அங்கேயே நிறுத்தி வைத்தாள்.

போன மாதம் யாழினி கேட்காமலே வந்துவிட்டாள்.

"அக்கா, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று கவுன்சிலர் மைக்கை நீட்டினார். அத்தனை பேசியவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று கூட்டம் சிரித்துக் கைதட்டியது.

கடைசியில் நின்ற யாழினியும், நல்ல கையால் மாவுக்கட்டின் மேல் மெல்லத் தட்டினாள்.